வழுக்கைத்தலையன் சொன்ன ஆறுதல்

போன வாரம் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. மைசூரில் ஒரு கேன்சர் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் ஆன்மிகத் தேவை என்ன என்று கேட்டு எழுதும் தொண்டர்! ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை... இங்கே படுத்திருப்பவர்கள் எழுந்து ஓட முடியாதல்லவா?

அங்கே பல வருடமாக இந்த வேலையைப் பார்ப்பவர் ஒரு கன்னியாஸ்திரி. படிவத்தைக் கொடுத்தவர், கன்னடம் கலந்த தமிழில், "ஜாஸ்தி பேச பேடா சார். கேளுங்க, அஷ்டே," என்றார். அதிகம் பேசாமல் கேட்டால் போதுமாம். அதை மட்டும் மறந்துவிட்டேன்.

முதல் நோயாளி, ஹனூர் பக்கம் தமிழ் விவசாயக் குடும்பத்து அம்மா. இடுப்புவரை பின்னல். மறுநாள் கீமோ. முடி கொட்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, 'வைத்தியமே வேண்டாம், ஊருக்குப் போகிறேன்' என்று ஒரே பிடிவாதம். விட்டால் நோய் முற்றிவிடும்.

ப்பூ... இவ்வளவுதானா! 'தோற்றம் பற்றிய கவலை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஆன்மாவுக்கு ஏது கூந்தல் என்று ஆரம்பித்து இருபது நிமிடம் வெளுத்து வாங்கினேன். அடுத்தவர் கவலையைவிட நம் பிரசங்கம் நமக்கு ருசிதானே? கடைசியில் குனிந்து என் வழுக்கைத் தலையைக் காட்டினேன்.

"என்னையே பாருங்கம்மா! உங்களுக்காவது மறுபடி முளைக்கும்."

"உங்களுது தானாப் போச்சுங்க சார்," என்றார் அந்த அம்மா பொறுமையாக. "என்னுது மாதேஸ்வரன் மலை மாதப்பனுக்குங்க. மக பிரசவம் நல்லபடியா ஆனா, மலைக்கு வந்து மொட்டை போடறேன்னு வேண்டியிருக்கறனுங்க. பேரனும் பொறந்துட்டான். இது இங்க தலகாணில கொட்டிப்போச்சுன்னா, சாமிக்கு என்னத்தக் குடுப்பேன்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அடித்த டிக்கைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

பின்னால் நின்ற கன்னியாஸ்திரி சிஸ்டர் கேட்டது ஒரே கேள்வி. "போய் வர எத்தனை நாள் பேக்கும்மா?"

"ரெண்டு நாளுங்க."

சிலுவை போட்ட சிஸ்டர், மாதேஸ்வரனுக்காக டாக்டரிடம் வாதாடினார். வெள்ளிக்கிழமை வரை டயம் கிடைத்தது. அன்றே அந்த அம்மா மலைக்குப் போகக் கணவரோடு கொள்ளேகால் பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை... சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வந்து, தானே கையெழுத்துப் போட்டு, கீமோவுக்குப் படுத்தார். என் கையில் ஒரு லட்டு பிரசாதம் வைத்தார்.

"உங்களுக்கும் வேண்டிக்கிட்டனுங்க சார்."

"என்னன்னும்மா?"

"முடி மொளைக்கோணும்னு."

என் தேவையை அவர் படிவமே இல்லாமல் கண்டுபிடித்துவிட்டார்!