ஆறு வார்ப்புக்கு ஒரு நாக்கு

எங்கள் தேவாலயச் சபை ஊரைக் கூட்டிப் போடும் அசன விருந்துக்கு ஆறு வார்ப்பு ஆட்டுக்கறிக் குழம்பு வைப்போம். ஒவ்வொரு வார்ப்புக்குள்ளும் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய பாத்திரம். உப்புப் பார்த்து "சரி" என்று சொல்வது பல வருஷமாக நான்தான். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். ஆனால் என் நாக்கைக் கேட்காமல் அங்கே ஒரு வார்ப்பும் அடுப்பைவிட்டு இறங்காது.

போன வருஷம் அந்த நாக்கு என்னைக் கைவிட்டது. விடிந்ததிலிருந்து எல்லாரும் என்னிடமே வந்தார்கள். இலை எத்தனை கட்டு, விறகு எங்கே, முதல் பந்தியில் யாரை உட்கார வைக்க. பதில் சொல்லிச் சொல்லி, ஐந்தாவது வார்ப்புக்கு வரும்போது எனக்கு உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. "இன்னும் ரெண்டு கை போடு" என்றேன். சனம் தண்ணீர் குடித்தே வயிறு நிறைந்து எழுந்தது.

"அடுத்த தடவ கேட்டரிங்காரன விளிச்சிருவோம் பெரியம்மா" என்றார் சபைச் செயலாளர். என் மகன் வயதுதான் இருக்கும்.

"இன்னும் ஒரு வருஷம் தா மக்கா" என்று கேட்டு வாங்கினேன்.

இந்த வருஷம் முந்தின நாளே இலையை ஒருத்தியிடமும் விறகை ஒருத்தியிடமும் பந்தியை இன்னொருத்தியிடமும் கொடுத்துவிட்டேன். "தப்புப் பண்ணுனாலும் நீங்களே பண்ணுங்கட்டி. எங்கிட்ட உப்பு மட்டும் கேட்டா போதும்."

குழம்பு கொதிக்கத் தொடங்கியதும் ஆலயத்துக்குள் போனேன். கடைசிப் பெஞ்சில், முகத்தில் ஈரத் துண்டைப் போட்டு நீட்டிப் படுத்தேன்.

வெளியே செயலாளரின் குரல். "அடுப்பு எரியுது, கிழவி உறங்குதா? நல்லா இருக்கே!"

"எழுப்பிப் பாரும். உம்மளயாக்கும் உப்புப் பாக்க விடுவாவ" என்றாள் விறகுக்காரி. அவர் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

அரை மணி நேரம். எழுந்து வாயைக் கொப்பளித்து, அகப்பையை வாங்கினேன். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்றில் நின்றேன்.

"இதுல உப்பே விழல்ல."

"போட்டாச்சு பெரியம்மா, நானாக்கும் நின்னு பாத்தேன்" என்றார் செயலாளர்.

நான் நாலாவதை நக்கிப் பார்த்தேன். கடல் தண்ணீர். மூன்றுக்கு உள்ளதும் அதில்தான் விழுந்திருந்தது. "ரெண்டையும் மாத்தி மாத்திக் கோரி ஊத்துங்கட்டி" என்றேன். கொதி வந்ததும் மறுபடி பார்த்தேன். இரண்டும் ஒரே ருசி. ஐந்தும் ஆறும் சரி.

அன்றைக்குச் சனம் மறுகுழம்பு கேட்டுக் கேட்டு உண்டது. நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். செயலாளரே வாளியோடு வந்து குழம்பு ஊற்றினார்.

"பெரியம்மா, அடுத்த வருஷம் ஏழு வார்ப்பு வச்சிருவோமா?"

"அத இப்ப கேக்காத மக்கா. உறங்கி எழும்பிச் சொல்லுதேன், நாளைக்குக் காலத்த வா" என்று சோற்றைப் பிசைந்தேன்.