அஞ்சாலையின் இடப்பக்கம்

எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் ஜன்னலோரத் தட்டில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே ஃபார்மலினில் வெளிறிப்போன ஒரு மீன்தலை. கடற்கரையில் அஞ்சாலை என்பார்கள்; பாறைப் பொந்துக்குள் கிடக்கும், பாம்பைப்போல நீண்ட மீன். பல வருடம் அந்தக் குப்பியை வலக்கன்னம் வெளியே தெரியும்படிதான் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரே கீறல், சுத்தமான வெட்டு. ஆய்வகத்தைப் பெருக்க வருகிற அம்மா தூசி துடைத்துவிட்டு எப்போதாவது மாற்றி வைத்துவிட்டால் எனக்கு வரும் கோபத்தில் அவர் மிரண்டே போவார். ஒரு குப்பிக்கா இவ்வளவு கோபம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் மீனின் தாடையை மூடும் தசை. மீன் வாயை மூடுவதில் ஆராய என்ன இருக்கிறது என்று என் சித்தப்பா கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்தே கேட்டிருக்கிறார். இருக்கிறது. முட்டைக்குள் கரு வளரும்போது அந்தத் தசை முதலில் ஒரே துண்டாகத்தான் தோன்றுகிறது. வளர வளரப் பல பகுதிகளாகப் பிரிகிறது. எப்படிப் பிரிவது, எது பெருப்பது என்பதெல்லாம் அந்தந்த இனம் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்த வழியைப் பொறுத்தது. பாறையைச் சுரண்டித் தின்னும் மீனுக்கு ஒரு விதம், இரையை உறிஞ்சி விழுங்கும் மீனுக்கு வேறு விதம். அஞ்சாலையோ கண்ணுக்குப் பின்னால் மண்டையின் இரு பக்கமும் அந்தத் தசையைப் பெருக்கி வைத்திருக்கிறது. கடித்தால் விடாது. என் பேராசிரியை முதல் வகுப்பிலேயே எங்களைப் பல்லைக் கடிக்கச் சொல்லி, காதுக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கச் சொல்வார். அங்கே புடைக்கும் நம்முடைய தசையும் கருவில் அதே இடத்தில் தொடங்குவதுதான்.

எனக்கு மீன்தலைகள் தந்தவர் இனயம் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த அண்ணன் ஒருவர். உறவில்லை, என்னோடு படித்த பெண்ணின் பக்கத்து வீட்டுக்காரர், தூண்டில் போடும் வள்ளத்தில் போகிறவர். முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட்டார். நான் இன்னும் டீச்சர் ஆகவில்லை என்றேன். ஒருநாள் ஆவியல்லா என்று சொல்லிவிட்டு அதையே வழக்கமாக்கிக்கொண்டார். வளைகுடாவில் மீன்பிடிக்கப் போக அவருக்கு விசா வந்திருந்தது. இரண்டு வாரத்தில் விமானம். மைனி, அதாவது அவர் மனைவி, பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார்.

அஞ்சாலை தூண்டிலில் மாட்டினால் வள்ளத்தில் ஏற்றுமுன் கட்டையால் மண்டையில் ஒரு போடு போடுவார்கள். விரல்மேல் ஆசையுள்ளவன் வேறுவிதமாகச் செய்யமாட்டான். அதனால் எனக்கு வந்த தலையெல்லாம் நொறுங்கியே வந்தது. அஞ்சாலையின் தாடைத் தசை சிதையாமல் தெரியும் ஒரு படம் இல்லாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். நான் நேராக அண்ணனிடம் போய் நின்றேன். அடிக்கக்கூடாது, தாடையில் ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன். அடிக்காமல் எப்படிப் பிடிப்பது என்று அவர் கேட்கவில்லை. நானும் அதை யோசிக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துக் காலையில் ஃபோன் வந்தது. நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்துப் போனால், கரையில் ஒரு நீல டிரம்முக்குப் பக்கத்தில் அண்ணன் குந்தியிருந்தார். உள்ளே கை நீளத்துக்கும் மேல் ஒரு அஞ்சாலை உயிரோடு சுருண்டு கிடந்தது. வாயில் தூண்டில் முள். முள்ளைப் பக்குவமாக எடுத்தால்தான் எனக்குத் தாடை முழுசாகக் கிடைக்கும் என்று அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார். அதை மணலில் சாய்த்து, இடக்கையில் சாக்கைச் சுற்றித் தலைக்குப் பின்னால் அமுக்கிக்கொண்டு, வலக்கையால் முள்ளைத் திருகினார். முள் வந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வலக்கைப் பெருவிரல் மீனின் வாய்க்குள் போயிருந்தது.

அவர் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டார். காதுக்குக் கீழே அவர் கன்னம் புடைத்து நின்றது. மீனின் கன்னமும் அப்படியே நின்றது. ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கட்டையை ஓங்கினார். அண்ணன் அந்த நிலையிலும் தலையை ஆட்டி, “அடிக்காதிய. டீச்சருக்கு வேணும்” என்றார். இன்னொருவர் கழுத்தை வெட்டச் சொன்னார். தலை துண்டானாலும் பிடி தளராது, பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் விரல்தான் கிழியும் என்று நான் சொன்னேன். கன்னத்துத் தசையை அறுப்பதுதான் ஒரே வழி. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அந்தக் கரையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்று உதவியிருக்கும்.

பையிலிருந்து ஆய்வகக் கத்தியை எடுத்தேன். இரண்டு பக்கமும் அறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு பக்கம் போதாதா, மறுபக்கம் படத்துக்கு மிஞ்சுமே என்று தோன்றியது. வாயைத் திறந்து சொல்லவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“ஒரு பக்கம் வெட்டுங்க டீச்சரே. மத்தது உங்களுக்கு வேணும்லா.”

அவர் சொன்னதால்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். அந்த எண்ணம் முதலில் வந்தது எனக்குத்தான்.

வலக்கன்னத்தில், கண்ணுக்குப் பின்னால், ஒரே இழுப்பு. என் கை நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது. வலப்பக்கம் தளர்ந்தது, இடப்பக்கம் விடவில்லை. கொஞ்சம் பொறுங்கண்ணே, விட்டுவிடும் என்றேன். விடவில்லை. மீன் உடம்பை முடிச்சுப்போட்டது போலச் சுருட்டி, அந்த ஒரு பக்கப் பிடியிலேயே விரலை முறுக்கியது. அண்ணனிடமிருந்து முதல் தடவையாக ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் இடக்கன்னத்தில் கத்தியைப் போட்டேன், நாலைந்து இடத்தில், கண்டபடி. இரண்டு வெட்டுக்கும் நடுவில் அரை நிமிடம்தான் இருக்கும்.

கடித்த காயம் ஆறிவிடும், முறுக்கியதில்தான் விரலை மடக்கும் நார் அறுந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். தைத்தார்கள். விரல் மடங்கவில்லை. விமானம் அவர் இல்லாமல் போயிற்று. கட்டிய பெட்டியை மைனி அவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இரண்டு பக்கமும் அறுபட்ட தலை படத்துக்கும் ஆகவில்லை. கடைசியில் பேராசிரியை அந்தப் படம் இல்லாமலே கையெழுத்துப் போட்டார்.

நான் இந்தக் கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, மகளைச் சேர்ப்பதற்காக அண்ணன் வந்தார். விண்ணப்பத்தைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்திருந்தார். இப்போதும் கடலுக்குத்தான் போகிறாராம். முள் கட்டுவது மட்டும் மைனி. ஆய்வகத்தைப் பார்க்க ஆசைப்பட்டார், அழைத்துப் போனேன். குப்பியைக் கண்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“உபகாரப்பட்டுதா டீச்சரே?”

“உபகாரப்பட்டுதுண்ணே. உங்களாலதான் பட்டம் கிடைச்சுது” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. குப்பியை இரண்டு கையாலும் எடுத்து, பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மெல்லத் திருப்பினார். அன்று வலியில் அவர் பார்த்திராத இடக்கன்னம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆயுள் முழுக்க மீன் வெட்டிய மனிதர். இது படத்துக்கு ஆகியிருக்காது என்று அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குப்பியைத் தட்டில் வைத்தார்.

“அப்பமே ரெண்டையும் வெட்டியிருக்கலாமே டீச்சரே.”

குரலில் கோபம் இல்லை. விண்ணப்பத்தை எந்த அறையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நான் கூடவே போய்க் காட்டினேன்.

அன்று மாலை குப்பியை இடக்கன்னம் வெளியே தெரியும்படி நானே திருப்பி வைத்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஏன் மேடம் இப்படிக் குதறி வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். குதறியது நான்தான் என்று சொல்லி, எல்லோரையும் காதுக்குக் கீழே விரலை வைத்து, பலங்கொண்ட மட்டும் பல்லைக் கடிக்கச் சொல்வேன். கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம். பாதியிலேயே ஒவ்வொருவராகக் கன்னத்தைத் தடவிக்கொண்டு விட்டுவிடுவார்கள். போன வாரம் ஒரு பெண், அரை நிமிஷம் இவ்வளவு நேரமா மேடம் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.