மாரிக்குப்பத்து அண்ணனின் ஜன்னல் சீட்

என் மகள் நிலா பள்ளிக்குப் போவதில்லை. நான்தான் டீச்சர். நான் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் காலை ரயில்தான் எங்கள் கணக்கு வகுப்பு. இறங்கியதும் அவள் நூலகத்துக்குப் போய்விடுவாள்.

செல்வம் அண்ணன் ரயில் கிளம்பும் மாரிக்குப்பத்திலேயே ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுவார். யாருக்கும் கொடுத்ததில்லை. ஊரிகத்தில் நாங்கள் ஏறியதும், இரண்டு வருடமாக ஒரே கேள்வி:

"இன்னா பாப்பா, இன்னிக்கும் ஸ்கூல் லீவா?"

இன்று நிலா போனை நீட்டினாள்.

"ஆமா அங்கிள், இன்னிக்கு நெஜமாவே லீவு. பிரைவேட்டா எழுதின பன்னண்டாவது பாஸ். கணக்குல தொண்ணூத்தாறு."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். எழுந்தார்.

"குந்து பாப்பா."

பெங்களூரு வரை நின்றுகொண்டே வந்தார்.

நானும்தான் நின்றேன். டீச்சருக்கு யார் சீட் கொடுப்பது? சொல்லுங்கள் மக்களே!