பூபாலனின் இடது கண்

சாப்பாடு என்றால் பூபாலனுக்கு உயிர். ஆனால் வாயில் சோற்றை வைத்தால் போதும், இடது கண் பொலபொலவென்று கொட்டும். காரம் காரணமில்லை, தயிர்ச்சோற்றுக்கும் கொட்டும். ஊரப்பாக்கத்துக்கும் பொத்தேரிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனிதர். ஒரு நாள் காலையில் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. வைத்தியத்தில் வாய் நேரானது. கண் மட்டும் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

வருத்தப்பட்டாரா? சேச்சே! பக்கத்து வீட்டு லட்சுமணனின் அப்பா காரியத்தில் பந்திக்கு உட்கார்ந்தார். முதல் கவளத்துக்கே கண்ணீர். லட்சுமணன் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"எங்கப்பா மேல இவ்ளோ பாசமா அண்ணாத்த! யாருப்பா அங்க, இவருக்கு இன்னொரு வடை வையி!"

பூபாலன் வடையையும் மறுக்கவில்லை, பாசத்தையும் மறுக்கவில்லை.

இதே கூத்து வீட்டிலும் நடந்ததுதான் வினை. போன வருஷம், கண் கொட்டுவது வீட்டில் யாருக்கும் தெரியாத புதிதில், மகள் ரெஜினாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஒரே பெண், அனுப்ப அவருக்கு மனசில்லை. அவள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தாள். பூபாலன் மீன்குழம்பில் மும்முரமாக இருந்தார். கண் தன் வேலையைச் செய்தது.

"அழாத நைனா, நான் போவல," என்று அவள் அந்த வேலையையே விட்டுவிட்டாள். எல்லாம் மீன்குழம்பு செய்த வேலை என்று பூபாலனுக்குத் தெரியும். ஆனாலும் மூச்சு விடவில்லை.

குட்டு உடைந்தது செங்கல்பட்டில். மனைவி ரெபேக்காள் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கேட்டதும் டாக்டர் காயத்ரி சிரித்துவிட்டார்.

"வாய்ல எச்சில் ஊறச் சொல்ற நரம்பு, குணமாகும்போது வழி மாறிக் கண்ணுக்குப் போயிடுச்சு. முதலைக்கும் தின்னும்போது கண்ணுல தண்ணி வரும். கொன்னுட்டு அதுக்காக அழுவுதுன்னு அந்தக் காலத்துல நெனச்சாங்க. அதான் பொய்யா அழுவறதுக்கு முதலைக் கண்ணீர்னு பேரு. உங்க வியாதிக்கும் அதே பேருதான்."

ரெபேக்காள் வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் மகளிடம் ஒப்பித்தாள். ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"அப்போ அன்னிக்கி நீ அழுவலியா நைனா?"

பெற்ற பெண்ணை ஏமாற்றிவிட்டோமே என்று பூபாலன் உள்ளுக்குள் புழுங்கிப்போனார். ஒரு முறை மாமல்லபுரம் சாலையில் சவாரி போனவர், வழியில் முதலைப் பண்ணையில் இறங்கி முதலைகளைப் பார்த்துவிட்டும் வந்தார். ஒன்றுகூட அழவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நிம்மதியாக வெயில் காய்ந்தன. அவருக்குப் பொறாமையாக இருந்தது.

இந்த வருஷம் புனேயிலிருந்து வேலை வந்தது. "போம்மா, கண்ண மூடிக்கினு போ," என்று முதலில் சொன்னவர் பூபாலன்தான். இனி தன் கண்ணீர் அவளைத் தடுக்கக்கூடாது என்று வைராக்கியம்.

கிளம்பும் நாள் மத்தியானம் ரெபேக்காள் சங்கரா மீன் வறுத்தாள். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வாசலருகே ரெஜினாவின் பெட்டி தயாராக நின்றது. பூபாலன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோ, மொதல அழுவ ஆரம்பிச்சிடுச்சு!" என்று ரெஜினா சிரித்தாள். பிறகுதான் அவர் தட்டைப் பார்த்தாள். போட்ட சோறு போட்டபடி இருந்தது. மீன் முழுசாகக் கிடந்தது.

"நைனா, நீ இன்னும் சோத்துல கையே வெக்கலியே."

பூபாலன் அவசரமாக ஒரு கவளத்தை அள்ளி வாயில் திணித்துக்கொண்டார்.

"இன்னா வெக்கல? தின்னுகினுதான கீறேன்! இது மொதலக் கண்ணீருதாம்மா. நீ சாப்டு, ரயிலுக்கு நேரமாவுது."

ரெஜினா தன் தட்டிலிருந்த மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"சரி நைனா, நம்பிட்டேன்," என்றாள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.