தேசப்பனின் கை நடுங்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் ஊருக்கே ஒரு ஏமாற்றம். கங்கையம்மன் கோயில் வாசலில் கூட்டம் நெருக்குகிறது, பம்பை காதைக் கிழிக்கிறது, சாம்பிராணிப் புகையில் கண் எரிகிறது. எல்லோரும் ஒரே ஆளின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் — தேசப்பனின் கைகளை. அவை நடுங்கவே இல்லை.

கை நடுங்காததற்கு ஏன் ஏமாற்றம்? அதைச் சொல்ல போன வருஷத்துக்குப் போக வேண்டும்.

பழவேற்காட்டில் பத்து வருஷமாக நான் நண்டு வாங்குவது கஸ்தூரியிடம். வாய் நிறைய ‘அண்ணா’ என்பாள். எடை போடும்போது மட்டும் அண்ணன் தங்கை பார்க்க மாட்டாள். அவள் புருஷன் தேசப்பன் ஃபைபர் படகில் போய் நண்டு வலை போடுகிறவர். தங்கமான மனிதர். கண் விழித்ததும் ஒரு கட்டிங், படகேறும் முன் ஒன்று, கரைக்கு வந்ததும் கேட்கவே வேண்டாம்... இருந்தும் அவரை யாரும் குடிகாரர் என்று சொன்னதில்லை. தள்ளாடினால்தானே சொல்வார்கள்? அவர் தள்ளாடி நானும் பார்த்ததில்லை.

போன ஆடித் திருவிழாவில் காப்பு கட்டுகிற முறை அவருக்கு வந்தது. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் பத்து நாளைக்குக் கவிச்சி கிடையாது, குடி கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தேசப்பன் ஒரே நாளில் நிறுத்தினார். சொட்டுகூடத் தொடவில்லை. ஊரே மெச்சியது. கஸ்தூரி போனில் என்னிடம் அழுதாள் — சந்தோஷத்தில்தான்.

நாலாம் நாள் நானும் போயிருந்தேன். பம்பை அடிக்க ஆரம்பித்ததும் தேசப்பனின் கைகள் உதறத் தொடங்கின. உடம்பெல்லாம் வியர்வை. கண்கள் எங்கோ நிலைகுத்தி நிற்கின்றன. “நண்டு... நண்டு ஏறுது பாரு!” என்று தோளையும் மார்பையும் தட்டித் தட்டி விடுகிறார். முகத்துவாரம் பக்கம் கையை நீட்டி, “அங்கேர்ந்து வருது... கூட்டம் கூட்டமா வருது!” என்கிறார்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆத்தா இறங்கிவிட்டாள்! கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். ஆளுக்கொரு கேள்வி. மகள் கல்யாணம் எப்போது? படகு எஞ்சின் ஏன் மக்கர் பண்ணுகிறது? நாலு எழுத்து படித்த நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? வரிசையில் நின்றேன். ஆரம்பாக்கத்தில் வாங்கிப் போட்ட மனை எப்போது விற்கும் என்று கேட்டேன். “ஏறுது... ஏறுது...” என்றார். விலை ஏறும் என்று எடுத்துக்கொண்டு விபூதி வாங்கினேன்.

கஸ்தூரி மட்டும் கும்பிடவில்லை. கிட்டே போய் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.

“இது ஆத்தா இல்ல,” என்றாள். “ரெண்டு வருஷம் முன்ன கால் ஒடைஞ்சி வூட்ல கெடந்தப்போ சரக்கு கெடைக்காம இதே மாரி நடுங்கினாரு. அப்போ வாய் கொளறல, இப்போ கொளறுது. ஆஸ்பத்திரிக்கு இட்னு போணும்.”

ஊர்த் தலைவர் குறுக்கே வந்தார். “இன்னாம்மா பேசுற? காப்பு கட்டின ஆளு எல்லை தாண்டக் கூடாது. ஊருக்கு ஆவாது. அப்புறம் எவன் தைரியமா கடலுக்குப் போவான்?”

அவர் கெட்டவர் இல்லை. நம்பினார், அவ்வளவுதான். நானும் நம்பியவன்தானே?

கஸ்தூரி பக்கத்துப் படகில் கிடந்த வலைக்கத்தியை எடுத்து வந்தாள். புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள். மஞ்சள் கயிற்றை அறுத்தாள். பம்பை நின்றுவிட்டது.

“இப்போ அவரு காப்பு கட்டின ஆளு இல்ல. வழி வுடுங்க. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

என் காரில்தான் போனோம். பாலம் தாண்டும்போது பின்சீட்டில் அவருக்கு வலிப்பு வந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எனக்கு அன்று நிஜமாகவே பயம்.

டாக்டர் சின்னப் பெண். கேட்டது இரண்டே கேள்வி. தினமும் குடிப்பாரா? எப்போது நிறுத்தினார்? பதிலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நிறுத்தினது நல்லதும்மா. ஆனா எங்ககிட்ட வந்து நிறுத்தியிருக்கணும். காலையில இருந்தே குடிச்சுப் பழகின உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காது. நடுக்கம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும்... இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிக்க வெச்சிருந்தீங்கன்னா...”

குடித்தால் சாவார்கள் என்று தெரியும். குடியை நிறுத்துகிற விதத்திலும் சாகலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ‘மனசு வெச்சா இன்னிக்கே விட்டுடலாம்ப்பா’ — எத்தனை பேருக்கு இந்த இலவச வைத்தியம் சொல்லியிருப்பேன்! நீங்களும்தான்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். மறுநாள் ஊர்ப் படகுகள் தேசப்பன் கை நீட்டிய முகத்துவாரம் பக்கமே போயின. வலை கொள்ளாமல் நண்டு! முடிந்தது போங்கள். டாக்டர், வலிப்பு, மருந்து எல்லாம் ஊருக்கு மறந்தே போனது.

தேசப்பன் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பொங்கல் சமயத்தில் ஒருமுறை சறுக்கினார். கஸ்தூரி திட்டவில்லை, மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனாள். அதற்குப் பிறகு தொடவில்லை. இந்த ஆடி பிறந்ததும் ஊர்ப் பெரியவர்கள் வீடு தேடி வந்தார்கள் — இந்த வருஷமும் தேசப்பனே காப்பு கட்ட வேண்டுமாம்.

“அவங்களுக்கு அந்த நடுக்கம் வேணுமாம் அண்ணா,” என்றாள் கஸ்தூரி போனில். “அதுக்கு இவரு ஆடி வரைக்கும் குடிச்சிக்கினே இருக்கணுமே! பரவால்ல, கட்டட்டும். எல்லாரும் பாக்கட்டும்.”

பார்த்தோம். அதே நாலாம் நாள். விளிம்பு வரை நீர் நிறைந்த செம்பை இரண்டு கையிலும் ஏந்தி தேசப்பன் கோயிலை மூன்று சுற்று வந்தார். பம்பைக்காரர் என்னென்னவோ அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“எறங்கலையே... ஆத்தாவுக்கு இன்னா கோவமோ,” என்று தலைவர் உச்சுக்கொட்டினார்.

என் பக்கத்தில் நின்ற கஸ்தூரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “கோவம்லாம் இல்லண்ணா. போன வருஷம் வந்தது அவ இல்ல. இந்த வருஷம்தான் வந்துகிறா.”

நான் மனையைப் பற்றி வாயே திறக்கவில்லை.