இருதயநாதன் அழுத்திய பொத்தான்

திண்டிவனம் பக்கத்து ரசாயன ஆலையில் இருதயநாதன் இருபது வருஷமாக பாய்லர் ஓட்டினார். பாய்லரின் பார்வை ஓட்டை வழியே தீயின் நிறத்தைப் பார்த்தே எண்ணெய் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். 2012இல் கரிப்புகையைக் குறைக்க, எண்ணெயை நிறுத்தி பாய்லரை ஹைட்ரஜனுக்கு மாற்றினார்கள். அதை ஓட்ட, சவூதியில் அதே வேலை பார்த்த கோட்டக்குப்பத்து ஆசிப் வந்தான். மேனேஜர் அவன் தோளில் கைபோட்டு அழைத்துப்போனதைப் பார்த்ததிலிருந்து இருதயநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் தோளில் ஒரு கை விழுந்ததுண்டா?

ஹைட்ரஜனில் ஓட்டிய முதல் நாள். பாய்லரைப் பற்றவைத்துவிட்டு, "பாத்துக்கினு இருங்கண்ணே, வந்துர்றேன்" என்று ஆசிப் வெளியே போனான். இருதயநாதன் ஓட்டையில் கண்ணை வைத்தார். உள்ளே ஒரே இருட்டு. தீ அணைந்துவிட்டது! மாட்டினான் பயல் என்று மனசு குதிக்க, ஆபத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினார். ஆலையே நின்றது.

மேனேஜர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். இருதயநாதன் வாயைத் திறக்குமுன் ஆசிப் முந்திக்கொண்டான்.

"நான்தான் சார் அண்ணன அமுத்தச் சொன்னேன். பொத்தான் வேலை செய்யுதான்னு பாத்தோம்."

மேனேஜர் முணுமுணுத்தபடி போனார்.

"ஹைட்ரஜன் எரியறது கண்ணுக்குத் தெரியாதுண்ணே. நானும் மொதல்ல இப்டித்தான் ஏமாந்தேன்" என்று ஆசிப் அவர் தோளில் கை போட்டான்.

காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அந்தக் கையைத்தான் ரிடையராகும்வரை அவரால் மன்னிக்க முடியவில்லை.