ஐந்து மணிக்குள் ஒரு மதர்போர்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு வியாழக்கிழமை மதியம் செத்துப்போனது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. எண்ணெயில் கடுகு வெடித்த மாதிரி ஒரு 'டப்', அதன் பின்னால் கருகிய பிளாஸ்டிக் வாடை. கோடையில் எங்கள் தெருவில் மின்சாரம் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போய்விட்டுப் புதுத் தெம்போடு திரும்பி வரும். அப்படி வந்த ஒரு தடவையில் நடந்தது இது. நான் அப்போது யாரோ ஒருவருடைய நாவலுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அதுதான் என் பிழைப்பு. கதாநாயகி சாகும் கட்டம். அவளை முந்திக்கொண்டு மதர்போர்டு போய்விட்டது.

நாவல் காத்திருக்கும். அதைப் படிக்கப்போகிறவர்களும் அவசரத்தில் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் என் மனைவியின் கழுத்து இருந்தது.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. கல்வராயன் மலையில், கரியாலூரையும் தாண்டிய ஒரு ஊரில் பதினோரு வருடமாக வேலை. காலை ஆறேகால் பஸ்ஸில் ஏறினால், மலை வளைவுகளில் உடம்பு ஒரு பக்கமும் கழுத்து இன்னொரு பக்கமுமாகப் போய்ச் சேரவேண்டும். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். பட்டையைக் கட்டிவிட்டு, 'மலைப் பயணம் வேண்டாம்' என்று எழுதியும் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததைப் பையில் வைத்துக்கொண்டு அவள் மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறினாள். மாலையில் அந்த பஸ் திரும்பி வரும் நேரம் ஆறரை. ஆறு மணியிலிருந்தே எனக்கு உட்கார வராது. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். பிழை திருத்துபவனுக்கு அது ஒன்றுதான் உடற்பயிற்சி.

அந்த வருடம் உடல்நலத்தைக் காரணம் காட்டி இடமாறுதல் கேட்கலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. இணையத்தில்தான் விண்ணப்பிக்கவேண்டும். கடைசி நாள் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. மருத்துவச் சான்றிதழையும் மற்ற காகிதங்களையும் ஸ்கேன் செய்து பத்திரமாக வைத்திருந்தோம், செத்துப்போன கம்ப்யூட்டருக்குள். அசல்கள் மலையில் தலைமையாசிரியரின் பீரோவில் இருந்தன. சாவி அவருடைய இடுப்பில். இடுப்பு ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தது.

கடைவீதியில் புது மதர்போர்டும், அதில் உட்காரும் ப்ராசஸரும், ராமும் கிடைத்தன. மாட்டிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை.

“திங்கக்கெழமதான் சார் கை காலியாவும்” என்றார் கடைக்காரர்.

“பரவாயில்ல, நானே மாட்டிக்கிறேன்.”

அவர் என் கைகளைப் பார்த்தார். பென்சிலைவிடக் கனமான எதையும் தூக்காத கைகள் என்பது பார்த்தாலே தெரியும். கூடவே ஒரு சின்னக் குழாயில் பசையும் கொடுத்தார். ப்ராசஸர் மூடியின் மேல் அந்தப் பசையைப் பட்டாணி அளவு வைத்துத்தான் மின்விசிறி இருக்கும் உலோகக் கட்டையைப் பொருத்தவேண்டுமாம். பசை இருந்தால் ப்ராசஸரின் சூடு கட்டைக்கு ஏறி, விசிறிக் காற்றில் போய்விடும். இல்லாவிட்டால் சூடு தாங்காமல் இயந்திரம் தானாகவே அணைந்துவிடும். குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை முழுவதும் கையேட்டைப் படித்தேன். பழக்கதோஷத்தில் அதில் ஏழு பிழைகளைக் கண்டுபிடித்துப் பென்சிலால் திருத்தினேன். நிமிர்ந்தபோது மணி பதினொன்று.

கையேட்டின் முதல் விதி, பிளக்கைப் பிடுங்கு. இரண்டாவது விதிதான் என்னைக் கவர்ந்தது. நம் உடம்பில் நமக்கே தெரியாமல் மின்சாரம் சேர்ந்திருக்கும். மதர்போர்டுப் பலகையைத் தொடுவதற்கு முன் பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டு அதை இறக்கிவிடவேண்டும். செருப்பைக் கழற்றினேன், இரும்பைத் தொட்டேன், பலகையைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற வயர்மேன். எங்கள் தெருவில் எந்த வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

“இன்னா சார், பொட்டிய பிரிச்சிப் போட்டுக்கினு குந்தினு கீறீங்க?”

“மதர்போர்டு மாத்தறேன்.”

“வெறுங்கால்லயா? டீச்சரம்மா, இவருக்கு ஒரு ரப்பர் செருப்பு குடுங்க. மரப்பலக இருந்தா அது மேல நிக்க வெய்ங்க.”

“இதுக்குச் செருப்பு போடக் கூடாதுங்க. என் உடம்புல இருக்கற கரண்டு பாஞ்சா போர்டு போயிடுமாம்.”

“உங்க உடம்புல? கரண்டு?” என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா, நெசமா?”

“எனக்குத் தெரிஞ்சி இல்லீங்க” என்றாள் அவள்.

வயர்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கரண்டுகிட்டேருந்து மனுசன காப்பாத்தறதுதான் சார் எங்க வேல. மனுசங்கிட்டேருந்து கரண்டு சாமானக் காப்பாத்தறது இன்னைக்குத்தான் கேக்கறன்.”

ப்ராசஸரின் ஒரு மூலையில் தங்க நிறத்தில் சின்ன முக்கோணம் இருக்கும். பலகையிலும் ஒரு முக்கோணம் உண்டு. இரண்டையும் சேர்த்து, அழுத்தாமல் வைத்து, பக்கத்துக் கம்பியை மடக்கவேண்டும். மடக்கும்போது 'கறக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வரும், பயப்படாதே என்று கையேட்டில் ஒரு வரி இல்லை. என் எட்டாவது திருத்தம் அது. ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்து, இரும்பைத் தொட்டு, பிறகு பலகையைத் தொட்டேன்.

அடுத்து, பலகை பெட்டியின் தகட்டில் நேராகப் படக்கூடாது. பட்டால் ஷார்ட் ஆகிவிடும். நடுவில் பித்தளைக் குட்டைக் கால்களைத் திருகி, அவற்றின் மேல் பலகையை உட்காரவைக்கவேண்டும். ஒன்பது வேண்டும், ஆறுதான் இருந்தது. பலகையை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு ஓடினேன். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மூடிய ஷட்டருக்கு முன்னால் முக்கால் மணி நேரம், ஆறரை பஸ்ஸுக்கு நடப்பதுபோல நடந்தேன்.

திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. வயர்மேன் சாப்பிடப் போயிருந்தார். பலகை வைத்த இடத்திலேயே இருந்தது. ப்ராசஸரின் வெள்ளி மூடி மேல், நட்டநடுவில், பட்டாணி அளவு பசை. கையேட்டுப் படத்தில் இருப்பதுபோலவே அத்தனை வட்டமாக. போகும்போதே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன், மறந்திருக்கிறேன் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறவனுக்கு இதெல்லாம் ஆச்சரியமில்லை. பசை கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. கடைக்காரர் நல்ல சரக்காகத்தான் கொடுத்திருக்கிறார் என்று மெச்சிக்கொண்டு, விசிறிக் கட்டையை மேலே வைத்து நான்கு மூலையையும் அழுத்திப் பொருத்தினேன்.

பலகையைப் பெட்டிக்குள் வைத்து ஒன்பது திருகுகளையும் முடுக்கிய பிறகுதான், வயர் சொருகும் துளைகள் உள்ள பின்பக்கத் தகட்டை முதலிலேயே மாட்டியிருக்கவேண்டும் என்பது கண்ணில் பட்டது. ஒன்பதையும் கழற்றினேன். தகட்டை மாட்டினேன். ஒன்பதையும் திரும்ப முடுக்கினேன். ஒரு திருகு உள்ளே விழுந்தது. அதை விட்டுவிட்டால் எங்கே போய் எதை ஷார்ட் செய்யுமோ. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கி எடுத்தேன். மனைவி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறையைக் கடந்து போனாள். எப்போது முடியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அவள் நல்ல சத்தமாகச் செய்வாள்.

மூன்று இருபதுக்குப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிளக் சொருகவில்லை. சொருகினேன். விசிறி சுற்றியது, திரை வெளிச்சமானது. அவள் உட்கார்ந்தாள். டிஸ்க்கில் கோப்புகள் எல்லாம் இருந்தன. முதல் பக்கம், இரண்டாம் பக்கம் நிரப்பினாள். மூன்றாம் பக்கத்தில்தான் எந்த ஊர் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவள் 'திரு' என்று தட்டும்போது விசிறி, மலையேறும் பஸ் கியர் மாற்றுவதுபோல உறுமத் தொடங்கியது. வீட்டுக்குள் ஒரு வாசனை. கருகல் இல்லை; நல்ல வாசனை. அதுதான் பயமாக இருந்தது. திரை கறுத்தது.

அவள் ஒரு கையைக் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“இன்னா சார், பூஜையா?” வயர்மேன் வாசலில் நின்றார். “சந்தன வாசன தெரு வரைக்கும் வருது.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

“நீங்க கடைக்குப் போனப்ப வெச்சேங்க. புதுசா வூட்டுக்கு வந்த சாமானாச்சே.”

“எங்க வெச்ச?”

“நடுவுல பளபளன்னு சதுரமா இருந்துச்சே, அங்கதான். நெத்தி மாதிரி இருந்துச்சு. குங்குமம் வெச்சா தூள் உள்ள கொட்டிடும்னு சந்தனம் மட்டும்தான் வெச்சேன்.”

வயர்மேன் விசாரணையில் இறங்கினார். “கட்டயில அரைச்சதா, வில்லையா டீச்சரம்மா?”

“வில்லைய தண்ணியில கரைச்சதுங்க.”

“அதான் சீக்கிரம் காஞ்சிட்டுது.”

சட்டைப்பையில் கையை விட்டேன். பசைக் குழாய் மூடி திறக்கப்படாமல் இருந்தது. ஈரம் இருந்த வரைக்கும் சந்தனம் பசையின் வேலையைப் பார்த்திருக்கிறது. காய்ந்ததும் போர்வையாகிவிட்டது.

எங்கள் வீட்டில் மிக்ஸி, ஸ்கூட்டர், கியாஸ் அடுப்பு எதுவும் பொட்டு இல்லாமல் உள்ளே வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நான் கிண்டல் செய்வேன். அன்றும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் காலையிலிருந்து ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால் இரும்பைத் தொட்டுத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் திரிந்தவன் நான். வைத்திருந்த பொட்டைப் பார்த்து அதுதான் பசை என்று பாராட்டியவனும் நான்.

மணி நான்கு ஐந்து. பிளக்கைப் பிடுங்கினேன். விசிறிக் கட்டையைக் கழற்றப்போன என் கையை வயர்மேன் தட்டிவிட்டார்.

“சூடு ஆறட்டும் சார். அஞ்சி நிமிசம். குந்துங்க.”

“முடியலீங்க.”

“ஆறரை பஸ்ஸுக்கு இப்பிடித்தான் நிப்பாரு” என்றாள் மனைவி. “பஸ்ஸுல இருந்தே தெரியும். டிரைவர் கூட கேப்பாரு, உங்க வூட்டுக்காரருக்கு வூட்ல நாற்காலி இல்லியான்னு.”

பதினோரு வருடத்தில் இதை அவள் ஒரு முறைகூட எனக்குச் சொன்னதில்லை.

கட்டையை எடுத்தபோது சந்தனம் வெடித்த ஏரிமண் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய மருந்துப் பெட்டியில், ஊசி போடும் முன் துடைக்கிற ஸ்பிரிட் இருந்தது. பஞ்சில் நனைத்து ப்ராசஸர் மூடியையும் கட்டையின் அடியையும் துடைத்தேன். வயர்மேன் டார்ச் பிடித்தார். ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் போகவில்லை. நிஜப் பசையை வைத்துக் கட்டையைப் பொருத்தினேன். மூன்று மூலைகள் உட்கார்ந்தன, நான்காவது மறுத்தது. இரும்பைத் தொட்டுவிட்டு அழுத்தினேன். தொடாமலும் அழுத்தினேன்.

“தள்ளுங்க” என்றாள். பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட்டாள். பிறகு கட்டைவிரலால் ஒரே அழுத்து. 'டக்.'

நான்கு முப்பத்தைந்துக்குத் திரை வந்தது. விண்ணப்பத்தை முதலிலிருந்து நிரப்பவேண்டியிருந்தது. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

“ஏங்க, வெளிய போங்க. நீங்க மூச்சு வுடற சத்தத்துல எழுத்து தப்புத் தப்பா வருது.”

வெளியே போனேன். வயர்மேனும் வந்தார்.

“ஏன் சார், அந்த டிஸ்க்க மட்டும் கழட்டிக்கினு கடையில போயி மாட்டியிருந்தா, பத்து நிமிசத்துல வேல முடிஞ்சிருக்கும் இல்ல?”

நான் அவரைப் பார்த்தேன். “இதக் காலைலயே சொல்லக் கூடாதா?”

“நீங்க படிச்சவரு. ஏதோ காரணமாத்தான் பண்றீங்கன்னு நெனச்சன்.”

உள்ளே விசிறி சாதாரணமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து பூவரச மரம் வரை இருபத்திரண்டு அடி. எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு அவள் கையில் போனோடு வெளியே வந்தாள்.

“போயிடுச்சி” என்றாள். வந்து சேர்ந்த குறுஞ்செய்தியை என்னிடம் காட்டாமல் முதலில் வயர்மேனிடம் காட்டினாள்.

இடமாறுதல் ஆணை வந்தது. முதலில் கேட்ட திருக்கோவிலூர் இல்லை, இரண்டாவதாகக் கேட்ட மூங்கில்துறைப்பட்டுப் பக்கம். சமவெளி, நேர் ரோடு. கழுத்துப் பட்டை இப்போது ஆணியில் தொங்குகிறது. கம்ப்யூட்டர் ஓடுகிறது, கோடை உச்சத்தில் மட்டும் லேசாகச் சந்தனம் மணக்கிறது. அவள் பஸ் மாலை ஐந்தரைக்கே வந்துவிடும். ஆனால் கரும்பு வெட்டும் மாதங்களில் ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொள்ள, அவற்றின் பின்னால் பஸ் ஊர்ந்து வருகிறது. எந்த வளைவில் இருக்கிறது என்று கணக்குப்போட்டுப் பார்க்கலாம் என்றால் அந்த ரோட்டில் வளைவும் கிடையாது. முன்பெல்லாம் ஆறு மணிக்குத்தான் நடக்கத் தொடங்குவேன். இப்போது நான்கே முக்காலுக்கே செருப்பை மாட்டிவிடுகிறேன்.